கையொப்பம் நம்முடையது
சுயவிருப்ப ஓய்வுக் கடிதம் வந்தால் என்ன செய்வது?

(தோட்டத் தலைவர்களுக்கும் மாதர் அணித் தலைவிமாருக்குமான ஒருநாள் வகுப்பில் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம். உறுப்பினர்கள் வாசித்து, வாசிக்க இயலாதவர்களுக்கும் எடுத்துச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறோம்.)





இன்றைக்கு நாம் பேச எடுத்துக்கொண்டது சம்பளப் பிரச்சினை அல்ல. ஒரு கடிதம். ஐம்பது வயதைத் தாண்டியவர்களின் கைக்கு வரும் கடிதம். 'சுயவிருப்ப ஓய்வுத் திட்டம்' என்று அதற்குத் தலைப்பு. தோட்டத்தில் ஆட்களைக் குறைக்க வேண்டியிருக்கிறது, விருப்பமானவர்கள் விலகலாம், விலகுகிறவர்களுக்கு இவ்வளவு பணம் தருகிறோம், இன்ன திகதிக்கு முன் கையொப்பம் வைத்துக் கொடுங்கள் என்று அதில் எழுதியிருக்கும். சில இடங்களில் கடிதம்கூட இல்லை. பிரட்டுக்களத்தில் வாயால் சொல்லி, ஒபிசுக்கு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, தாளை நீட்டுகிறார்கள்.

உடனே நம் ஆட்கள் தலைவரிடம் வருகிறார்கள். "தலைவரே, எடுக்கவா, விடவா?" என்று கேட்கிறார்கள். தலைவர் "எடு" என்று சொன்னாலும் பொறுப்பு, "எடுக்காதே" என்று சொன்னாலும் பொறுப்பு. ஒரே லயத்தில் முதல் காம்பராவில் இருப்பவருக்கு எடுப்பது சரியாக இருக்கும், அடுத்த காம்பராவில் இருப்பவருக்கு அதுவே பெரிய நட்டமாகப் போகும். ஆகவே எல்லோருக்கும் ஒரே பதிலை இன்று நாம் தரப் போவதில்லை. ஒவ்வொருவரும் தன் பதிலைக் கண்டுபிடிப்பதற்கான கணக்கைச் சொல்லித்தரப் போகிறோம்.

ஏன் நம்மிடம் கையொப்பம் கேட்கிறார்கள்?

முதலில் இதை விளங்கிக்கொள்ள வேண்டும். ஆட்கள் வேண்டாம் என்றால் கம்பெனி நிறுத்திவிட்டுப் போகலாமே, ஏன் காசும் கொடுத்துக் கையொப்பமும் கேட்கிறது?

நிறுத்த முடியாது என்பதுதான் காரணம். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், அதாவது தொழிலாளரின் வேலையை முடிவுறுத்தல் பற்றிய சட்டம், இரண்டே வழிகளைத்தான் வைத்திருக்கிறது. ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதென்றால், ஒன்று அந்தத் தொழிலாளி முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். ஆணையாளரிடம் போனால் விசாரணை நடக்கும், சங்கம் வந்து பேசும், நட்டஈட்டை ஆணையாளர் தீர்மானிப்பார். நாம் கையொப்பம் வைத்துவிட்டால் இதில் ஒன்றும் தேவையில்லை.

ஆகவே தோழர்களே, அந்தத் தாளில் கம்பெனி காசு கொடுத்து வாங்குவது நம்முடைய சம்மதத்தை. அதற்கு ஒரு விலை இருக்கிறது. விற்பதா இல்லையா என்பது நம் விருப்பம். விலை தெரியாமல் மட்டும் விற்கக் கூடாது.

"உங்களுக்கு 55 ஆகிவிட்டது, எப்படியும் போகத்தானே வேண்டும், இப்போதே போனால் காசாவது கிடைக்கும்" என்று சொல்வார்கள். இது பழைய கதை. 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் 15 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் ஆகக் குறைந்த ஓய்வு வயதை மாற்றிவிட்டது. அந்தச் சட்டம் வந்த 2021 நவம்பரில் 52 வயதை அடையாமல் இருந்தவர்கள் எல்லோருக்கும் ஓய்வு வயது 60. அப்போது 52 இல் இருந்தவர்களுக்கு 59, 53 இல் இருந்தவர்களுக்கு 58, 54 இல் இருந்தவர்களுக்கு 57. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். அந்த வயதுக்கு முன்னால் வயதைக் காட்டி ஒருவரையும் அனுப்ப முடியாது. சேமலாப நிதியை எடுக்கும் வயது வேறு, வேலையிலிருந்து ஓயும் வயது வேறு. இந்த இரண்டையும் குழப்பிப் பேசுகிறவர்களிடம் கவனமாக இருங்கள்.

முதல் கணக்கு: ஏற்கெனவே நம்முடையது

கடிதத்தில் பெரிய எழுத்தில் ஒரு மொத்தத் தொகை இருக்கும். அதைப் பார்த்ததும் கை நடுங்கும். நம்மில் பலர் ஒரே தடவையில் அவ்வளவு காசைக் கண்டதில்லை. ஆனால் அந்தத் தொகைக்குள் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஊழியர் சேமலாப நிதி நம் காசு. மாதாமாதம் நம் சம்பளத்தில் 8 வீதம் வெட்டி, தோட்டம் 12 வீதம் போட்டு வைத்தது. ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தோட்டம் போட்ட 3 வீதமும் நம் காசு. பணிக்கொடை, நாம் 'சர்வீஸ் காசு' என்று சொல்வது, 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி நமக்கு உரியது. ஐந்து வருடம் சேவை முடித்த நாட்சம்பளக்காரருக்கு, சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 14 நாள் சம்பளம். இன்று விலகினாலும் கிடைக்கும், 60 வயதில் விலகினாலும் கிடைக்கும். இது கம்பெனி தரும் சலுகை அல்ல.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 53 வயதில் ஓர் அக்கா, 30 வருட சேவை. அடிப்படை நாட்சம்பளத்தை 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாவாக வைத்துக்கொள்வோம். 14 நாளுக்கு 18,900 ரூபா. 30 வருடத்துக்கு 567,000 ரூபா. இது அவருடைய பணிக்கொடை.

கடிதத்தில் "மொத்தம் 800,000 ரூபா" என்று இருக்கிறது என்று வையுங்கள். "பணிக்கொடை உட்பட" என்று கீழே ஒரு சின்ன வரி இருந்தால், கையொப்பத்துக்கு உண்மையில் தருவது 233,000 ரூபா மட்டும்தான். 800,000 என்று நினைத்துக் கையொப்பம் வைப்பதும், 233,000 என்று தெரிந்து வைப்பதும் ஒன்றாகுமா? "பணிக்கொடை நீங்கலாக" என்று இருந்தால் கதை வேறு. ஆகவே முதல் கேள்வி இதுதான்: இந்தத் தொகைக்குள் பணிக்கொடை அடங்கியிருக்கிறதா, இல்லையா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

சேமலாப நிதியில் இன்னொரு சங்கதி உண்டு. வேலையை விட்ட பின் பெண்கள் 50 வயதில் அந்தப் பணத்தை எடுக்கலாம். ஆண்களுக்கு 55. நம் எடுத்துக்காட்டில் வந்த அக்கா 53 இல் விலகினால் விண்ணப்பிக்கலாம். 52 வயதில் கவ்வாத்து வெட்டும் அண்ணன் ஒருவர் விலகினால், நோய், நிரந்தர இயலாமை போன்ற காரணம் இல்லாத வரைக்கும், 55 ஆகும்வரை மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். "விலகினால் எல்லாக் காசும் ஒன்றாக வரும்" என்று நம்பிக் கல்யாணத்துக்கு நாள் குறித்துவிடாதீர்கள்.

காசு உண்மையில் கணக்கில் இருக்கிறதா என்பதும் கேள்விதான். சம்பளச் சீட்டில் வெட்டியிருப்பார்கள், நிதியத்துக்குப் போயிருக்காது. ஆகவே விலகுவதற்கு முன் மீதி அறிக்கையை எடுத்து, எந்தெந்த மாதம் விடுபட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். சில தோட்டங்களின் பணம் மத்திய வங்கியின் பொறுப்பிலுள்ள நிதியத்தில் இல்லாமல் அனுமதி பெற்ற வேறு சேமலாப நிதியத்தில் இருக்கும். அதையும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது பெயர். நம் மக்களுக்கு இது தீராத தலையிடி. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் கணக்கப்பிள்ளை எழுதிய இன்னொரு பெயர். வேலையில் இருக்கும்போது இதைத் திருத்துவது இலகு, தோட்ட ஒபிஸ் நமக்குக் கடிதம் தரும். விலகிய பிறகு சத்தியக் கடதாசியும் கையுமாக ஒவ்வொரு கந்தோராக நாம்தான் அலைய வேண்டும். கடிதம் வந்தாலும் வராவிட்டாலும், 45 வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் இந்த வருடமே பெயரைச் சரிபார்த்துத் திருத்திவைக்க வேண்டும்.

இரண்டாம் கணக்கு: கையொப்பத்தின் விலை

கம்பெனி சொல்லும் விலை நியாயமா என்று எப்படிப் பார்ப்பது? நம் கையில் ஓர் அளவுகோல் இருக்கிறது. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஆணையாளர் அனுமதி கொடுத்து ஆட்குறைப்புச் செய்தால் எவ்வளவு நட்டஈடு என்பதற்கு 2005ஆம் ஆண்டு ஒரு சூத்திரம் வர்த்தமானியில் வந்தது. அது இப்படி:

சேவையின் முதல் 5 வருடத்துக்கு, வருடம் ஒன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம்.
6ஆம் வருடம் முதல் 14 வரை, வருடம் ஒன்றுக்கு 2 மாதச் சம்பளம்.
15 முதல் 19 வரை, ஒன்றரை மாதச் சம்பளம்.
20 முதல் 24 வரை, ஒரு மாதச் சம்பளம்.
25 முதல் 34 வரை, அரை மாதச் சம்பளம்.

எல்லாம் கூட்டினால் 48 மாதச் சம்பளத்துக்கு மேல் போகாது. நம் அக்காவின் 30 வருடத்தைக் கூட்டிப் பாருங்கள். பன்னிரண்டரை, 18, ஏழரை, 5, 3. மொத்தம் 46 மாதச் சம்பளம். மாதம் 20 பேர் போட்டு 27,000 ரூபா என்று கணக்கிட்டால் 1,242,000 ரூபா. பணிக்கொடை இதற்கு வெளியே, தனியாக.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நாமாகக் கையொப்பம் வைத்து விலகும்போது இந்தச் சூத்திரப்படிதான் தர வேண்டும் என்று கம்பெனியைக் கட்டாயப்படுத்த முடியாது. அது பேரம். ஆனால் பேரம் பேசுகிறவனுக்குச் சந்தை விலை தெரிந்திருக்க வேண்டாமா? 46 மாதம் எங்கே, 233,000 ரூபாவான எட்டரை மாதச் சொச்சம் எங்கே? இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டு சங்கத்தின் மூலம் பேசினால் பேச்சு வேறு மாதிரி நடக்கும். ஒவ்வொருவராக ஒபிசுக்குள் போய்ப் பேசினால் தோட்டம் சொல்வதுதான் விலை.

மூன்றாம் கணக்கு: 60 வரையும் அதற்குப் பிறகும்

இப்போது மறுபக்கம். விலகாமல் இருந்தால் என்ன கிடைக்கும்?

அதே அக்கா, 53 இலிருந்து 60 வரை 7 வருடம். மாதம் 27,000 என்றால் வருடத்துக்கு 324,000. 7 வருடத்துக்கு 2,268,000 ரூபா. தோட்டம் போடும் 12 வீதமும் 3 வீதமும் மாதம் 4,050 ரூபா, 7 வருடத்துக்கு 340,200. பணிக்கொடையில் இன்னும் 7 வருடம் கூடும், 132,300. எல்லாமாக 2,740,500 ரூபா.

இதுவும் சும்மா வரும் காசு அல்ல. மழையிலும் வெயிலிலும் மலையேறி உழைத்து வாங்க வேண்டிய காசு. 20 பேர் விழாத மாதங்களும் உண்டு, கிலோ குறைந்து அரைப்பேர் போடும் நாட்களும் உண்டு. ஆகவே எங்களுடைய 27,000 ஐ வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டாம். உங்கள் சொந்தச் சம்பளச் சீட்டுகளில் கடைசி 12 மாதத்தைக் கூட்டி 12 ஆல் பிரியுங்கள். அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

பலர் கவனிக்காத ஒன்றும் இருக்கிறது. பணிக்கொடை கடைசிச் சம்பளத்தில் கணக்கிடப்படுகிறது. நாட்சம்பளம் 100 ரூபா கூடினால், 30 வருட சேவைக்காரரின் பணிக்கொடை 42,000 ரூபா கூடும். பழைய வருடங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் கூடுகிறது. சம்பள உயர்வு பேச்சில் இருக்கும்போது சுயவிருப்ப ஓய்வுக் கடிதம் வந்தால், திகதியை இரண்டு தடவை பாருங்கள்.

60 க்குப் பிறகு? தோட்டத் தொழிலாளிக்கு மாத ஓய்வூதியம் இல்லை. சேமலாப நிதி ஒரே தடவையில் வரும் காசு. அரசாங்கத்தின் முதியோர் கொடுப்பனவு 70 வயதுக்குப் பிறகுதான், அதுவும் குறைந்த வருமானக்காரருக்கு. 53 இல் வேலையை விட்டால் 70 க்கு 17 வருடம், 204 மாதம். எல்லாக் காசும் சேர்ந்து 15 இலட்சம் கையில் வந்தது என்று வைத்தால், அதை 204 மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் 7,350 ரூபாதான். அரிசி, மா, கறண்ட் பில், மருந்து எல்லாம் அதற்குள் அடங்குமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.

வீட்டைப் பற்றி ஒரு கேள்வி

வேறு தொழிலில் இருப்பவர் வேலையை விட்டால் வேலை மட்டும்தான் போகும். நமக்கு அப்படி அல்ல. லயக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். கொல்லையில் போட்டிருக்கும் மரக்கறிப் பாத்தி, மாட்டுப்பட்டி எல்லாம் தோட்டத்து மண்ணில். 7 பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களிலும் உறுதிப் பத்திரம் கைக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

வீட்டில் மகனோ மருமகளோ செக்ரோலில் இருந்தால் பெரும்பாலும் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. வீட்டில் தோட்ட வேலைக்குப் போகும் கடைசி ஆள் நீங்கள்தான் என்றால் நிலைமை வேறு. பிள்ளைகள் எல்லோரும் கொழும்பில், நீங்கள் இருவரும்தான் லயத்தில். நீங்களும் கையொப்பம் வைத்துவிட்டால் நாளைக்கு "காம்பராவை விடுங்கள்" என்று சொல்ல ஒரு காரணம் கிடைத்துவிடும். "அதெல்லாம் கேட்க மாட்டோம்" என்று துரை வாயால் சொல்வார். துரை மாறிப் போவார், தாளில் இருப்பதுதான் நிற்கும். குடியிருக்கும் காம்பராவும் கொல்லையும் தொடர்ந்து இருக்கும் என்ற வரி கடிதத்தில் இருக்க வேண்டும். மாதாந்தத் தேயிலைத் தூள், டிஸ்பென்சரி மருந்து போன்றவை தொடருமா நிற்குமா என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

"மறுபடியும் வேலைக்கு வரலாம்"

இந்த வாக்குறுதியைப் பல இடங்களில் கேட்கிறோம். "ஓய்வுக் காசை எடுத்துக்கொள்ளுங்கள், மறுநாளே கைக்காசுக்கு வந்து கொழுந்து பறியுங்கள்." அல்லது "ஒரு துண்டு மலையைப் பிரித்துத் தருகிறோம், பராமரித்துக் கொழுந்தைக் கிலோவுக்கு விற்றுக்கொள்ளுங்கள்."

வரலாம்தான். ஆனால் திரும்பி வரும்போது நாம் பழைய ஆள் அல்ல, புதிய ஆள். பணிக்கொடை பூச்சியத்திலிருந்து தொடங்கும், மறுபடி ஐந்து வருடம் முடிக்க வேண்டும். 12 மாதத்தில் 180 நாள் வேலை இல்லாவிட்டால் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை. கைக்காசுக்கு வேலை செய்தாலும் சேமலாப நிதி கட்டத்தான் வேண்டும், தற்காலிக ஆளுக்கும் கிலோக் கணக்கு ஆளுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். ஆனால் கட்டுகிறார்களா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

மலைத் துண்டு எடுப்பவர்கள் இன்னும் சில கேள்விகள் கேட்க வேண்டும். உரம் யார் காசு? கொழுந்து விலை குறைந்தால் யார் நட்டம்? குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போனால் யார் முதலாளி, நட்டஈட்டை யாரிடம் கேட்பது? ஒப்பந்தத்தில் இவற்றுக்குப் பதில் இல்லை என்றால், தோட்டத்தின் பாரம் நம் முதுகுக்கு மாறிவிட்டது என்றுதான் அர்த்தம்.

எப்போது எடுக்கலாம்?

எடுக்கவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. எடுப்பது சரியாக இருக்கும் சந்தர்ப்பங்கள் உண்டு.

உடம்பு முடியவில்லை, முழங்கால் மலையேற விடவில்லை, மாதத்தில் பத்துப் பேர்கூட விழவில்லை என்றால், 60 வரையான கணக்கு தாளில்தான் இருக்கும், கைக்கு வராது. அப்படிப்பட்டவருக்கு நல்ல விலை கிடைத்தால் எடுப்பதில் தவறில்லை. ஆனால் முதலில் அரசாங்க வைத்தியரிடம் காட்டுங்கள். தோட்டத்தில் இலகு வேலை கேட்டுப் பாருங்கள். நிரந்தர இயலாமை என்று வைத்தியர் சொன்னால் சேமலாப நிதியை வயதுக்கு முன்னரே எடுக்க வழி இருக்கிறது.

வீட்டில் நிலையான வருமானம் வேறு இருக்கிறது, வீடு உங்கள் பெயரில் இருக்கிறது, கடன் இல்லை, 58 ஐத் தாண்டிவிட்டீர்கள் என்றால் மீதி இரண்டு வருடத்துக்குப் பதிலாக வரும் தொகை நியாயமாக இருக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தோட்டம் உண்மையிலேயே ஓய்ந்துபோகிறது, சம்பளமே பிந்திப் பிந்தி வருகிறது, பங்களிப்புப் பணம் கட்டப்படவில்லை என்றால், கையில் வருவதை வாங்கிக்கொள்வது புத்தி என்று தோன்றும். இங்கே ஒரு எச்சரிக்கை. நிலுவைகளையும் சேர்த்து எழுத்தில் வாங்காமல் விலகாதீர்கள். காசில்லாத தோட்டம் தவணைக் கணக்கில் தருகிறேன் என்று சொல்லும். பணிக்கொடை, வேலை முடிந்து 30 நாளுக்குள் தரப்பட வேண்டியது. பிந்தினால் பிந்திய காலத்துக்கு ஏற்ப மேலதிகத் தொகையும் சேர்த்துத் தர வேண்டும். தவணைக்கு நாம் சம்மதித்துக் கையொப்பம் வைத்துவிட்டால் அந்த வாதத்தின் பலம் குறைந்துவிடும்.

கடனை அடைப்பதற்காக மட்டும் வேலையை விற்பது நல்லதல்ல. கிழமைக் கடன், அடகு, கல்யாணச் செலவு என்று இரண்டு இலட்சம் கழுத்தை நெரிக்கும்போது எட்டு இலட்சம் கடவுள் கொடுத்தது போலத் தெரியும். கடன் போகும். அடுத்த மாதம் சம்பளமும் இருக்காது. பிறகு மறுபடி கடன். வீடு கட்டவும் திருத்தவும், அல்லது வைத்தியச் செலவுக்கும் என்றால், வேலையை விடாமலே சேமலாப நிதியில் 30 வீதம் வரை எடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. 10 வருடப் பங்களிப்பும் கணக்கில் 3 இலட்சம் மீதியும் இருக்க வேண்டும். அதை முதலில் பாருங்கள்.

பிள்ளைகளிடமும் ஒரு வார்த்தை

இந்தச் செய்தித்தாளைப் பிள்ளைகளும் வாசிப்பார்கள். அவர்களுக்கும் சொல்கிறோம். அம்மாவை "எடுங்கம்மா" என்று அவசரப்படுத்தாதீர்கள். ஆட்டோவுக்கு முற்பணம், வெளிநாட்டு ஏஜன்சிக்குக் கட்டணம், தங்கச்சிக்கு நகை. எல்லாம் நியாயமான தேவைகள்தான். ஆனால் அது முப்பது வருடம் கூடை சுமந்த முதுகின் காசு, அதற்குப் பிறகு இன்னொரு கூலி வரப்போவதில்லை.

விலகுவது என்று தீர்மானித்தால் காசு அம்மாவின் பெயரில் வங்கிக்குப் போகட்டும். தனிக் கணக்கில், நிலையான வைப்பில். 15 இலட்சத்துக்கு வருடம் 8 வீத வட்டி கிடைத்தால் மாதம் 10,000 ரூபா வரும், முதல் அப்படியே இருக்கும். வட்டி வீதம் ஏறும் இறங்கும். ஆனாலும் அம்மா மருந்துக்கு யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை.

தலைவர்களும் தலைவிமாரும் செய்ய வேண்டியது

கடிதம் வந்த அன்றே சங்கத்துக்கு அறிவியுங்கள். கடிதத்தின் பிரதி ஒன்றை எடுத்து வையுங்கள். ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருந்தால் தமிழில் தரும்படி கேளுங்கள். விளங்காத தாளில் கையொப்பமும் வேண்டாம், பெருவிரல் அடையாளமும் வேண்டாம். "இனி எந்த உரிமைக் கோரிக்கையும் எனக்கு இல்லை" என்ற பொருளில் ஒரு வரி கடைசியில் இருக்கும். அதை விரலால் தொட்டுக் காட்டி வாசித்துக் கொடுங்கள்.

கையொப்பம் வைக்க வேண்டியவர் வீட்டுக்குப் போக வேண்டும். கணவனோ மனைவியோ பிள்ளைகளோடு உட்கார்ந்து இந்த மூன்று கணக்கையும் போட வேண்டும். இன்றைக்கே வை என்று அவசரப்படுத்தினால், "சங்கத்திடம் காட்டிவிட்டு வருகிறேன்" என்று சொல்ல எல்லோருக்கும் உரிமை இருக்கிறது. கேட்பவருக்குத் தைரியம் வராவிட்டால் தலைவி கூடப் போங்கள். ஒபிசில் தனியாக நிற்கும் பெண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு பெண் நிற்பது பெரிய பலம்.

மலை மாற்றிப் போட்டு, தூரத்து மலைக்கு அனுப்பி, அரைப்பேர் போட்டு, பயமுறுத்திக் கையொப்பம் வாங்கியிருந்தால் அதைச் சுயவிருப்பம் என்று சொல்ல முடியாது. நடந்ததைத் திகதியோடு எழுதி வையுங்கள். வேலை முடிந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் தொழில் திணைக்களத்திலோ தொழில் நியாயசபையிலோ முறைப்பாடு செய்ய வேண்டும். அதற்குப் பிறகு வந்து அழுதால் சங்கத்தாலும் ஒன்றும் செய்ய இயலாமல் போகும்.

எடுப்பதென்று ஒருவர் தெளிவாகத் தீர்மானித்தால் அவரைக் குறை சொல்லாதீர்கள். அவர் காசு குறையாமல், பிந்தாமல் வர உதவுங்கள். எடுக்க மாட்டேன் என்கிறவரையும் தனியாக விடாதீர்கள். அவருக்கு அடுத்த மாதம் வேலை நாள் குறைகிறதா என்று பார்த்துக்கொண்டிருங்கள்.

அந்தக் கடிதத்தில் 'சுயவிருப்பம்' என்ற சொல்லை எழுதியது கம்பெனி. விருப்பம் யாருடையது என்பதை நாம் தீர்மானிப்போம். இன்று இங்கிருந்து போகும்போது, உங்கள் தோட்டத்தில் 50 வயதைத் தாண்டிய உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றைத் தயாரிக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டு போங்கள். பெயர், வயது, சேவை வருடம், அடையாள அட்டையில் உள்ள பெயர், சேமலாப நிதி இலக்கம், வீட்டில் செக்ரோலில் இருக்கும் மற்றவர்கள். இந்த ஆறையும் எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். கடிதம் வரும் நாளில் நம் கையில் கணக்குத் தயாராக இருக்கட்டும்.